உஷார்! உங்கள் ரெஃப்யூஜியத்தில் வளர்வது காலர்பாவா?

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களே, தொட்டிக்குக் கீழே இருக்கும் கேபினட்டை இன்றே திறந்து பாருங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொள்ளும் என்று யாரோ கொடுத்த ஒரு பிடிப் பாசியை அங்கிருக்கும் சம்ப்பில், அதாவது கீழ்த்தொட்டியில் போட்டு, மேலே ஒரு விளக்கைக் கட்டி ரெஃப்யூஜியம் அமைத்திருப்பீர்கள். அந்தப் பாசி மணலோடு கொடியாக ஓடி, அந்தக் கொடியிலிருந்து இறகு வடிவிலோ சின்னஞ்சிறு திராட்சை வடிவிலோ இலைகளை நிமிர்த்தியிருக்கிறதா? அப்படியானால் அது காலர்பாவாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெஃப்யூஜியம் நல்ல ஏற்பாடுதான். பாசியைத் தெரியாமல் வளர்ப்பதில்தான் ஆபத்து.

ஒரே இரவில் தொட்டி கவிழும்

ஒரு முழம் நீளம் ஓடினாலும் காலர்பாவின் உடல் முழுவதும் ஒரே செல்தான்; உள்ளே தடுப்புச் சுவர்களே கிடையாது. இனப்பெருக்க நேரம் வந்தால் தன் உள்ளிருப்பு மொத்தத்தையும் இனச்செல்களாக மாற்றி நீரில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். மாதக்கணக்கில் அது உறிஞ்சிச் சேர்த்த சத்துகள் சில மணி நேரத்தில் தொட்டிக்கே திரும்பும். நீர் பச்சையாகக் கலங்கும், ஆக்ஸிஜன் சரியும், மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். இது பெரும்பாலும் விடியலை ஒட்டி நடக்கிறது. பெரிய தொட்டியின் விளக்குகள் இரவெல்லாம் அணைந்திருந்து, ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைந்திருக்கும் நேரம் அது.

அறிகுறி முன்னாலேயே தெரியும். இலைகளின் பச்சை வெளிறும். நுனிகளும் கொடியும் கண்ணாடிபோல வெளுக்கும். கண்டதும் காத்திருக்காதீர்கள். வெளிறிய கொடிகளை முழுசாக வெளியே எடுங்கள். ஏர் பம்ப்பைப் போடுங்கள், ஸ்கிம்மரை ஓடவிடுங்கள், புதிய ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். கலங்கிவிட்டால் உடனே நீரை மாற்றுங்கள். 24 மணி நேரமும் விளக்கெரித்தால் இது நடக்காது என்று சிலர் சொல்வதை நம்பி இருக்க வேண்டாம். அதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

கடலுக்குப் போனால் திரும்பாது

இதைவிடப் பெரிய ஆபத்து, பிடுங்கிய பாசியை நாம் எங்கே எறிகிறோம் என்பதில் இருக்கிறது. ஐரோப்பியக் காட்சித் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலர்பா டாக்ஸிஃபோலியா 1984-இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் தென்பட்டது. அப்போது அது பிடித்திருந்த இடம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். பின்னர் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா, துனீசியா என்று மத்தியதரைக் கடலோரம் நெடுகப் பரவியது. பரவ விதை தேவைப்படவில்லை. நங்கூரத்திலும் வலையிலும் சிக்கிய துண்டுகளே போதுமாக இருந்தன.

2000-இல் அதே பாசி கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் காயலில் முளைத்தது. தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். 2001-இல் சில காலர்பா இனங்களுக்கு மட்டும் தடை விதித்த அந்த மாநிலம், 2021-இல் நியூபோர்ட் விரிகுடாவில் தொட்டிகளில் வளர்க்கப்படும் இன்னொரு காலர்பா இனம் தலைகாட்டிய பிறகு, 2023-இல் காலர்பா பேரினம் முழுவதையும் தடை செய்யச் சட்டம் இயற்றியது.

நமக்கும் பாடம் இருக்கிறது. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது வந்தது தொட்டியிலிருந்து அல்ல, பண்ணையிலிருந்து; ஆனால் பவளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போதே செய்ய வேண்டியவை

• பெயர் தெரியாத பாசியை வாங்காதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள்.

• காலர்பா இருந்தால் வேரோடும் கொடியோடும் எடுத்துவிட்டு, நூலுருண்டையாகச் சுருண்டு வளரும் கீட்டோமார்ஃபாவுக்கு மாறுங்கள். அது இப்படித் திடீரென்று கரைவது அரிது. எதிலும் ஒட்டாமல் மிதப்பதால் கையால் அள்ளிவிடலாம்.

• கீட்டோ என்றாலும் அளவோடு வளருங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் பவளம் வெளிறும்; டைனோஃப்ளாஜெல்லேட் நுண்ணுயிர்களின் பழுப்புச் சளி பிடிக்கவும் வழி திறக்கும்.

• எடுத்த பாசியைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு நாளாவது உறையவைத்து, பிறகு குப்பையில் போடுங்கள். சிங்க், கழிவறை, மழைநீர் வடிகால், கடற்கரை எதுவும் வேண்டாம். சென்னை போன்ற கடலோர நகரத்தில் வடிகாலில் விட்டது கடலுக்குத்தான் போகிறது.

• பாசி கிடந்த தொட்டியின் பழைய நீர், கல், மணல் எல்லாவற்றிலும் துண்டுகள் ஒளிந்திருக்கலாம். நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் வைத்த பிறகே கொட்டுங்கள்.

தொட்டி கவிழ்ந்தால் நஷ்டம் உங்களோடு போகும். கடலில் வேரூன்றினால் அரசே செலவழித்தாலும் பிடுங்கி முடிப்பது கடினம். தயவுசெய்து ஒரு துண்டைக்கூட வெளியே விடாதீர்கள்.