இரண்டடித் தொட்டிக்குள் இத்தனை தில்லுமுல்லா!

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் இருக்கிற தெருக்களில் நுழைந்தால் எல்லார் கண்ணும் மீன் மேல்தான் போகும். ஆனால் ஏதாவது ஒரு கடையின் மூலையில் செடித் தொட்டி ஒன்று பச்சைப்பசேலென்று மின்னிக்கொண்டிருக்கும். உள்ளே குட்டிக் குன்று, பாசி படர்ந்த மரம், ஓரமாக ஒரு புல்வெளி! கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்போமே, அதே தொட்டிதான். பார்ப்பதற்குப் பரம சாது. ஆனால், அதற்குப் பின்னால் நடந்திருப்பதெல்லாம் அசல் சினிமா செட் வேலை! சத்தம் போடாமல் வாருங்கள், எட்டிப்பார்த்துவிடுவோம்.

முதல் ரகசியம், அந்தக் குன்று. முழுக்க மண் என்றா நினைத்தீர்கள்? பழைய நைலான் சாக்ஸில் மலிவான ஜல்லியை நிரப்பி, மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள். அதன்மேல்தான் அக்வா சாயில் என்கிற விலை உயர்ந்த செடி மண்! காசும் மிச்சம், குன்றும் சரியாது. முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 8, 10 செ.மீ. என்று மண்ணைச் சரிவாகப் போட்டால் போதும், ஒரு அடி அகலத் தொட்டி ஒரு பள்ளத்தாக்கு மாதிரி ஆழம் காட்டும். பெரிய இலைச் செடி முன்னால், பொடி இலைச் செடி பின்னால் என்று நட்டால் தூரம் இன்னும் கூடிப்போகும். கண்ணை ஏமாற்றுவதில் அப்படி ஒரு கைத்தேர்ச்சி!

அடுத்து, பாறை இடுக்கில் பல வருடமாக வேரூன்றி வளர்ந்த மாதிரி நிற்கிறதே அனுபியாஸ் செடி? ஃபெவிக்விக்! ஆமாம், நம் மேசை டிராயரில் கிடக்கும் அதே பசைதான். ஈரம் பட்டால் சட்டென்று இறுகிவிடும் ரகம் என்பதால் தண்ணீர்த் தொட்டிக்கு அது தோதான ஆள். அனுபியாஸின் கிழங்குத் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். அதனால் கல்லிலோ மரத்திலோ ஒட்டிவிடுவதுதான் வழக்கம். ஜாவா மாஸ் என்றால் ஒரு நூல் போதும். கொஞ்ச நாளில் பாசியே நூலை மறைத்துவிடும். அந்த மரம் இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. நேராகப் போட்டால் மிதக்கும், தண்ணீரைப் பழுப்பாக்கும், மேலே வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒரு படலம் வேறு கட்டும். தனியே ஊறப்போட்டு, அது அமுங்கிய பிறகுதான் உள்ளே அனுமதி.

நடவு வேலையைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். நீளமான இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒவ்வொரு துளிராக ஊன்றுவார்கள். டிஷ்யூ கல்ச்சர் கப்பில் வருகிற செடி என்றால் முதலில் வேரில் ஒட்டியிருக்கும் ஜெல்லியைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். நத்தைத் தொல்லை இல்லை என்பது அதில் ஒரு நிம்மதி. பிறகு மண் கலங்காமலிருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டியில் ஏறக்குறைய 54 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மண், கல் எல்லாம் சேர்த்தால் எடை 70 கிலோவைத் தாண்டும். அடியில் ஒரு தெர்மாகோல் ஷீட் போடுவது அதற்காகத்தான்.

இப்போது திகில் காட்சி! நட்ட சில நாளில் கிரிப்டோகோரைன் செடியின் இலையெல்லாம் கூழாகிக் கரையும். பதறாதீர்கள், பிடுங்காதீர்கள். பண்ணையில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே வளர்த்துத்தான் விற்கிறார்கள். தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலையை உதறிவிட்டுப் புது இலை விடும். வேர் உயிரோடு இருக்கிறது, அது போதும்.

இந்தச் சந்தடியில் நிஜமான படப்பிடிப்பு கண்ணுக்கே தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது, செடிக்குச் சாப்பாடு! இந்தக் கூட்டம் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். ஏற்கெனவே ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொஞ்சம் பிழிந்துவிட்டால் சீக்கிரம் கூடிவிடும். நண்பர் வீட்டு அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி வருகிற ஒரே பொழுதுபோக்கு இதுதான்!

இவ்வளவும் முடிந்து ஒரு நாள் இலைகளின் மேல் முத்து முத்தாகக் குமிழி கட்டும். தண்ணீரில் கரைய இடமில்லாமல் வெளியே வழிகிற ஆக்சிஜன் அது. அதை முதல் தடவை பார்ப்பவர்கள் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டாமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

செடித் தொட்டிப் போட்டிக்கு அனுப்பும் படங்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். இந்தக் கலையை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ. 2001 முதல் அவர் தொடங்கிய நிறுவனம் நடத்தும் உலகப் போட்டிக்குத் தொட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை, படம்தான் போகும். படம் எடுப்பதற்கு முன் ஃபில்டர் குழாயைக் கழற்றி ஒளித்துவைப்பார்கள். தண்ணீரின் மேல் சிலுசிலுவென்று அலை தெரிகிறதே, அது பெரும்பாலும் ஹேர் டிரையர் ஊதிய காற்று!

சரி, மீன்? கடைசியில்தான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகு, ஓர் ஆறு செர்ரி பார்ப் விட்டுப் பாருங்கள். இலங்கையின் தென்மேற்கு ஓடைகளில் நிழல் தேடித் திரியும் மீன். செடி அடர்ந்த தொட்டிக்குள் வந்தால் ஆண் மீன்கள் அடர்சிவப்பாக ஜொலிக்கும். கிரிப்டோகோரைனிலும் பல வகைகள் அதே தீவின் ஓடைகளுக்குச் சொந்தம். 'டேங்க் கிளீனர்' என்று கடைக்காரர் நீட்டும் சக்கர் மீனை மட்டும் வாங்காதீர்கள். இரண்டு விரல் நீளத்தில் வருவது, ஒரு அடிக்கு மேல் வளரும். பிறகு இடம் போதவில்லை என்று ஏரியில் விட்டால், அங்கேயே பெருகி உள்ளூர் மீன்களின் பிழைப்பைக் கெடுக்கும். வெட்டிய செடிகளையும் குளத்தில் கொட்ட வேண்டாம். குப்பையிலோ தொட்டிச் செடிக்கு உரமாகவோ போடுங்கள்.

விளக்குக்கு டைமர் போட்டு ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றம். ஆரம்பத்துக்கு இது போதும். கடைக்குப் போகும் முதல் நாள் கண்ணாடியும் மண்ணும் செடியும் மட்டும் வாங்கி வாருங்கள். மீனை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்!