முறக்காதர்கள்

அரக்கர் பூர்வீகம் – 11

போன வாரம் நாய்முக மனிதர்களை அவர்களுடைய மலைக்குகையில் விட்டுவிட்டு வந்தோம். இந்த வாரம் டோல்கீனின் ஓர்க்குகள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று ஆசிரியர் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஒற்றைக்காலில் நிற்பதற்கென்றே பிறந்த ஓர் இனமும் நம் பட்டியலில் உண்டு. இடம் மிஞ்சினால் கடைசியில் பார்ப்போம்.

ஓர்க்கைத் தேடித்தான் கிளம்பினேன். ‘பேயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் 112-வது வரியில் ‘ஓர்க்நேயாஸ்’ என்றொரு சொல் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் மிஞ்சியிருக்கும் எழுத்து அத்தனையிலும் அந்த ஓரிடத்தில்தான் அது இருக்கிறது. டோல்கீன் அந்தக் காவியத்தை ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்டுக்கணக்காகப் பாடம் நடத்தியவர். அவருடைய ஓர்க் படைக்கு அங்கிருந்துதான் பெயர் கிடைத்தது. சரி, சுவடியையே ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். கி.பி. 1000 வாக்கில் தோலில் எழுதிய சுவடி அது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1731-ல் அதை வைத்திருந்த லண்டன் வீடு தீப்பிடித்ததில் ஏடுகளின் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி கருகி, தொடத்தொட உதிர்ந்திருக்கிறது. உள்ளே எழுத்து பிழைத்துக்கொண்டது.

நான் செய்த தப்பு, முன் ஏடுகளைப் புரட்டியது. காவியத்துக்கு முன்னால் அதே கட்டில் வேறு நூல்களும் இருக்கின்றன. அதில் ஒன்றை ‘கிழக்கின் அதிசயங்கள்’ என்கிறார்கள். பாபிலோன், இந்தியா பக்கமெல்லாம் என்னென்ன விசித்திரம் நடமாடுகிறது என்பதற்கு ஒரு ஜாபிதா. அதில் ஓர் இனத்தார் பதினைந்து அடி உயரம், பத்தடி அகலம், வெளுத்த உடம்பு. ராத்திரி படுக்கும்போது ஒரு காதை விரித்துக் கீழே போட்டுக்கொள்வார்கள், இன்னொரு காதை மேலே போர்த்திக்கொள்வார்கள். அந்நிய மனிதரைக் கண்டால் இரண்டு காதையும் கையில் அள்ளிக்கொண்டு ஓட்டம் பிடிப்பார்கள். பறக்கிறார்களோ என்று சந்தேகம் வருகிற வேகம்.

காதை அள்ளிக்கொண்டு ஓடுவது! மழைக்கு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். இதே நூலின் இன்னொரு பிரதியில் படமே இருக்கிறது. ஒருவர் நிற்கிறார், நீளமான காதுகள் பாம்பு மாதிரி கைகளைச் சுற்றிக்கொண்டு தொங்குகின்றன. முகத்தில் பயங்கரம் எதுவும் இல்லை. சலூனில் தன் முறைக்குக் காத்திருப்பவரைப் போல இருக்கிறார்.

அந்தக் காதுகள் எதைப் போல இருந்தன என்பதற்கு நூலை எழுதியவர் ஓர் உவமை சொல்கிறார். அவருடைய சொல் ‘ஃபன்’. நம் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் அந்தச் சொல்லின் பேரன்தான். ஆனால் ஆயிரம் ஆண்டுக்கு முன் அதற்கு விசிறி என்று பொருள் இல்லை. தானியத்தைத் தூற்றிப் பதர் பிரிக்கிற கூடைக்கு அதுதான் பெயர். சுருக்கமாக, முறம். யானைக்கு நாம் சொல்வதை மனிதருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இன்னொன்று. இந்தச் சுவடியை இரண்டு எழுத்தர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலாமவர் ‘அதிசயங்க’ளை எழுதி முடித்து, பேயோவுல்ஃபையும் தொடங்கி 1,939-வது வரி வரை எழுதிவிட்டு, நடு வரியிலேயே இன்னொருவர் கைக்குக் கொடுத்துவிட்டார். 112-வது வரி முதலாமவருடையது. அதாவது முறக்காதர்களை எழுதிய கைதான் ஓர்க்கையும் எழுதியது. எனவே நான் தலைப்பை விட்டு வெளியே போய்விட்டதாக ஆசிரியர் சொல்ல முடியாது. சில ஏடு பின்தங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

காதுக்காரர்கள் இங்கிலாந்துக்கு வந்த வழி நீளமானது. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இசிடோர் என்ற பிஷப் அவர்களுக்குப் ‘பனோட்டி’ என்று பெயர் சொல்கிறார். ‘எல்லாம் காது’ என்று அர்த்தம். குடியிருப்பு சித்தியாவாம். அவருக்கு முன் கி.பி. 77-ல் ரோமானிய எழுத்தாளர் பிளினி அவர்களை வடகடல் தீவுகளில் வைத்திருந்தார். அவருக்கும் முன்னால், கி.மு. 300 வாக்கில் பாடலிபுத்திரத்துக்கு, சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதியது மிகத் தெளிவு: காது பாதம் வரை வரும், அதிலேயே படுத்துத் தூங்குவார்கள், மரத்தை வேரோடு பிடுங்கும் பலம் உண்டு. அவர் கிரேக்கத்தில் வைத்த பெயர் ‘எனோட்டோகொய்ட்டாய்’. காதில் படுப்பவர்கள்.

இந்தப் பெயரைக் கேட்டதும் சமஸ்கிருதம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ‘கர்ணப்ராவரணர்’ என்று ஒரு கூட்டம் மகாபாரதத்தில் இருக்கிறது. கர்ணம் காது, ப்ராவரணம் போர்வை. ராமாயணத்திலும் அசோகவனத்தில் சீதைக்குக் காவலிருந்த அரக்கியருள் காதையே போர்த்திய ஒருத்தி உண்டு. பாடலிபுத்திரத்துப் பண்டிதர்கள் ‘காதுப்போர்வைக்காரர்’ என்று சொல்லியிருக்க வேண்டும். போர்வை என்றால் தூக்கம்தானே என்று கிரேக்கர் அதைப் படுக்கையாக்கிவிட்டார். ஒரு சொல் மொழி மாறியதில் ஓர் இனத்துக்கே பாய் தலையணை கிடைத்தது.

மூன்று நூற்றாண்டு கழித்து வந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ, இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாருமே பெரும்பாலும் பொய்யர்கள், அதில் முதலிடம் டெய்மக்கஸுக்கு, அடுத்த இடம் மெகஸ்தனிஸுக்கு என்று தீர்ப்பெழுதினார். அவர் காட்டிய முதல் ஆதாரமே இந்தக் காதுதான். எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதமில்லை. மெகஸ்தனிஸ் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஞானிகள் சொன்னார்கள் என்றுதான் எழுதினார். ஞானிகள் உண்மையிலேயே சொன்னார்கள், நம் இதிகாசமே சாட்சி. அவர் பொய்யர் அல்லர், நல்ல நிருபர். ஊர்ப் பெரிய மனிதர் சொன்னதை மறுகேள்வி கேட்காமல் போட்டுவிட்ட நிருபர். நம் பத்திரிகை உலகில் இதெல்லாம் ஒரு குற்றமா?

மகாபாரதத்தில் அவர்கள் வருகிற இடம் இன்னும் ருசியானது. சபா பர்வத்தில் சகாதேவன் தெற்கே திக்விஜயம் போகிறான். வென்றவர்களின் வரிசையில் மனிதரைத் தின்பவர்கள், கர்ணப்ராவரணர்கள் வருகிறார்கள். பிறகு முரசீபட்டணம். அது நம் முசிறிதான் என்பது பலருடைய கருத்து. அப்புறம் காட்டில் வாழும் ஒற்றைக்காலர்கள். இன்னும் சில சுலோகம் தள்ளிப் பாண்டியர், திராவிடர், கேரளர், ஆந்திரர். அந்தக் கடைசிக் கூட்டத்திடம் அவன் நேரில் போகக்கூட இல்லை, தூதர்களை அனுப்பியே கப்பம் வாங்கிவிட்டானாம்.

பட்டியலை மறுபடி பாருங்கள். வடக்கே உட்கார்ந்து அதைத் தொகுத்தவருக்கு ஒற்றைக்காலரும் பாண்டியரும் ஒரே சாலையில் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். அரக்க இனம் எதுவும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை, யாரோ ஒருவருடைய பக்கத்து ஊர்தான் இன்னொருவருடைய காவியத்தில் அரக்கர் நாடாகிறது என்று பத்து வாரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் அந்தப் பக்கத்து ஊர் நம்முடையது.

இன்னொரு தூண்டிலும் இருக்கிறது. மெகஸ்தனிஸுக்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் பாரசீக மன்னருக்கு வைத்தியம் பார்த்த நம் பழைய நண்பர் க்டீசியஸ், இந்திய மலைகளில் நீண்ட காதுக்காரர்கள் இருப்பதாகச் சொல்கிறார். காது முழங்கை வரை மறைக்கும், கைக்கு எட்டு விரல், பிறக்கும்போதே நரைத்த முடி, வயதாக ஆகக் கறுக்கும். (ஹேர் டை கம்பெனிகள் கவனிக்க.) அவர்களில் ஐயாயிரம் பேர் இந்திய அரசனின் படையில் வில்லும் வேலும் ஏந்திப் போனார்களாம். அதே தலைகீழ் நரையைப் பிளினியும் க்டீசியஸ் பேரைச் சொல்லியே எழுதுகிறார், அந்த மக்களின் பெயர் ‘பண்டே’ என்கிறார். பிளினியிடமே இன்னோரிடத்தில் பெண்கள் ஆளும் இந்திய நாடு ஒன்றுக்கும் ‘பண்டே’ என்றுதான் பெயர். மெகஸ்தனிஸ் சொல்லும் ‘பாண்டையா’ என்ற அரசியின் கதையோடும் பாண்டியரோடும் அதை இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. கயிற்றைப் பிடித்து மதுரை வரை இழுத்துவிடக் கை துறுதுறுக்கிறது. ஆனால் க்டீசியஸின் ஆட்கள் வடக்கே மலையில் இருக்கிறார்கள், பெயர் ஒற்றுமை ஒன்றை நம்பி இறங்கினால் ஸ்ட்ராபோ என்னையும் பட்டியலில் சேர்த்துவிடுவார். விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது ஒன்று இருக்கிறது. என் அம்மாவின் ஆச்சி பாம்படம் போட்டவள். சிறுமியாக இருக்கும்போதே காது குத்தி, குணுக்கு மாட்டி, எடையைக் கூட்டிக் கூட்டி ‘காது வளர்த்த’ தலைமுறை. வளர்ந்த காது தோளைத் தொடும். ராத்திரி பாம்படத்தைக் கழற்றித் துணியில் முடிந்து தலைமாட்டில் வைத்துவிட்டு ஒருக்களித்துப் படுப்பாள். அப்போது மேல்பக்கத்துக் காது, பாரம் இறங்கிய வளையமாகக் கன்னத்தில் சரிந்து கிடக்கும். அந்த ஓட்டைக்குள் என் நான்கு விரலும் சேர்ந்து போகும். தூங்குகிறாள் என்று நினைத்து நுழைப்பேன்.

“ஏலே, காத விடுலே. அந்துபோச்சுன்னா ஒங்க அய்யாவா தச்சுக் குடுப்பான்?”

கிழவி தூங்கியிருக்கவே மாட்டாள்.

ஆச்சியை ஒரு வடநாட்டு வணிகன் பார்த்திருந்தால் ஊரில் போய் ‘தோள்வரை காது’ என்றிருப்பான். அடுத்தவன் இடுப்பு வரை என்றிருப்பான். மெகஸ்தனிஸ் காதுக்கு வந்து சேரும்போது பாதம். இது என் ஊகம்தான். காது வளர்ப்பது தெற்கில் மட்டும் இருந்த பழக்கமும் இல்லை, புத்தர் சிலையின் காதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஆச்சியின் காதில் விரல் விட்டவனுக்குக் கர்ணப்ராவரணர் அந்நியர் ஆக மாட்டார்கள்.

ஃபிரான்ஸில் வெஸலே என்ற குன்றூர்க் கோவில் வாசலையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதிச் சிற்பம். இயேசு சீடர்களை உலகெங்கும் அனுப்புகிறார், யாரிடம் அனுப்புகிறார் என்று சுற்றிலும் செதுக்கியிருக்கிறார்கள். நாய்முகத்தார் இருக்கிறார்கள். ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளர்கள் இருக்கிறார்கள். சிப்பி மாதிரி காதை விரித்துக்கொண்டு முறக்காதர் குடும்பமும் நிற்கிறது. இவர்களும் மனிதர்கள்தான், இவர்களுக்கும் செய்தி போகவேண்டும் என்பது அந்த வாசலின் கட்சி. அதே ஊரில்தான் 1146-ல் பெர்னார்ட் என்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டினார்.

ஒற்றைக்காலருக்கு இரண்டே வரிதான் மிச்சம். வெயிலில் மல்லாந்து படுத்து ஒரே பாதத்தைக் குடையாகப் பிடிப்பார்கள் என்ற கிரேக்கக் கதை நேராக சி.எஸ். லூயிஸின் 1952-ம் ஆண்டு நார்னியா நாவலுக்குள் குதித்துப் போயிருக்கிறது. நம் பக்கம் ஒற்றைக்காலில் நிற்கும் ஏகபாத மூர்த்தியைத் திருவானைக்காவல் தூணில் பார்க்கலாம்.

ஓர்க் அடுத்த வாரம் கட்டாயம் வரும். அதற்குள் ஓர் உதவி: உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் பாம்படமோ தண்டட்டியோ போட்ட ஆச்சி யாராவது இருந்தால், காது தோளைத் தொடுகிறதா, தாண்டுகிறதா என்று பார்த்து எழுதுங்கள். இடுப்பு வரை என்று எழுதுகிறவர்கள் படத்தையும் அனுப்பவேண்டும்.