எலக்ட்ரான்கள் திருத்தி வரையும் எல்லை

ஓர் உலோகம் மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் எப்படி ஈடுகொடுக்கும் என்பதை அதன் ஃபெர்மி பரப்பு சொல்லிவிடும். பவுலியின் விதிப்படி ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரானுக்குத்தான் இடம். அதனால் ஆற்றல் குறைந்த நிலைகள் முதலில் நிரம்புகின்றன. நிரம்பியவற்றுக்கும் காலியானவற்றுக்கும் நடுவே, உந்தங்களின் வரைபடத்தில் ஓர் எல்லை விழுகிறது. எலக்ட்ரான்கள் ஒரே தளத்துக்குள் ஓடும் இருபரிமாண உலோகங்களில் அந்த எல்லை ஒரு மூடிய கோடு.

எலக்ட்ரான்களோ ஒன்றையொன்று விலக்கித் தள்ளுபவை. அந்தத் தள்ளுமுள்ளில் கோடு எப்படி நிலைக்கிறது? சுற்றியுள்ளவற்றின் தாக்கத்தையும் சேர்த்துச் சுமக்கும் எலக்ட்ரான், கனம் கூடிய துகளைப்போல நடந்துகொள்ளும். எல்லை அழியாது என்று 1956-ல் இயற்பியலாளர் லாண்டாவ் காட்டினார். 1960-ல் லட்டிஞ்சர் இன்னும் கறாரான விதியை முன்வைத்தார். படிகத்தின் ஒழுங்கு குலையாதவரை கோடு எப்படி நெளிந்தாலும் அது சூழும் பரப்பளவு மாறாது. ஏனெனில் அந்தப் பரப்பளவுதான் எலக்ட்ரான்களின் கணக்கு.

அந்தக் கணக்குக்கு வந்த பெரிய சோதனை தாமிர ஆக்சைடு மீக்கடத்திகள். வலிமையான காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் மூடிய கோட்டைச் சுற்றிவரும்போது மின்தடை ஏறி இறங்குகிறது. அந்த அலைவிலிருந்து கோட்டின் பரப்பளவை அளந்துவிடலாம். 2007-ல் பிரான்சின் துலூஸ் நகரில், 60 டெஸ்லாவை எட்டும் புலத்தில் யிட்ரியம் பேரியம் தாமிர ஆக்சைடு சோதிக்கப்பட்டது. எலக்ட்ரான் கணக்குப்படி, இங்கே காலி நிலைகளைச் சூழும் கோடு உந்த மண்டலத்தில் சுமார் 55 சதவீதத்தைச் சூழ்ந்திருக்க வேண்டும். கிடைத்ததோ வெறும் 2 சதவீதம்! மறு ஆண்டு, எலக்ட்ரான்கள் மேலும் குறைக்கப்பட்ட தாலியம் சேர்மத்தில் 65 சதவீதம் கிடைத்தது. அங்கே கணக்கு அப்படியே பொருந்தியது.

ஒரே குடும்பத்தில் ஒன்றில் பெரிய வளையம், மற்றொன்றில் சிறு துண்டு. எலக்ட்ரான்கள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டு, மின்னூட்டம் கூடியும் குறைந்தும் வரும் வரிகளாக அடுக்கிக்கொள்வதை 2011, 2012-ல் வந்த ஆய்வுகள் காட்டின. இந்தப் புது ஒழுங்கு படிகத்தின் பழைய ஒழுங்கைக் குலைக்கிறது. வளையம் மடிந்து சிறு பைகளாகிறது என்பதே இன்று வலுவான விளக்கம்.

புதிர் அதோடு தீரவில்லை. காந்தப்புலம் இல்லாமல், சற்று உயர்ந்த வெப்பநிலையில், சிறு துண்டு கிடைத்த வகைத் தாமிர ஆக்சைடுகளிலிருந்து ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றிப் பார்த்தால் மூடிய கோடே தெரிவதில்லை. பாதியில் அறுந்த விற்களே தெரிகின்றன. தனித்தனி எலக்ட்ரானைக் கொண்டு உலோகத்தை விளக்கும் பாடம் இங்கே போதாது. உயர்வெப்ப மீக்கடத்துத்திறன் பிறப்பதும் இதே எலக்ட்ரான்களிடமிருந்துதான். அறுந்த அந்த விற்களுக்குக் காரணம் சொல்லாத எந்தக் கோட்பாடும் மீக்கடத்தலை முழுதாக விளக்கிவிட்டதாகச் சொல்ல முடியாது.