நூறாண்டு கடந்த டென்னிஸ் தொடருக்கு ‘டிமோஷன்’ ஏன்? - ஹாம்பர்க் ஓப்பனின் கதை

2007 மே 20. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம். களிமண் தரையில் ஒரு பக்கம் ரஃபேல் நடால், மறுபக்கம் ரோஜர் ஃபெடரர். 2005 ஏப்ரலுக்குப் பிறகு களிமண்ணில் நடால் தோற்றதே கிடையாது. தொடர்ச்சியாக 81 வெற்றிகள்! களிமண்ணில் ஃபெடரர் அவரை ஒருமுறைகூட வென்றதில்லை.

முதல் செட்டை நடால் 6-2 என எடுத்தார். ‘வழக்கம்போலத்தான்’ என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், அடுத்த இரண்டு செட்களையும் 6-2, 6-0 என ஃபெடரர் தூக்கினார். 81-லேயே நின்றுபோனது அந்த ஓட்டம்.

இந்த மேட்ச் பல ரசிகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால், அதை நடத்திய தொடர் அந்த நேரத்தில் தன் அந்தஸ்தைக் காப்பாற்ற அமெரிக்காவில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது தெரியுமா? கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

எவ்வளவு பழைய தொடர்?

தொடங்கியது 1892-ல். அப்போது இது ஜெர்மன் சாம்பியன்ஷிப். முதல் சில ஆண்டுகள் ஜெர்மனி, ஆஸ்திரியா வீரர்களுக்கு மட்டுமே அனுமதி. பிறகுதான் மற்ற நாட்டவர்களுக்கும் கதவு திறந்தது. இரண்டு உலகப் போர்களின்போதும் தொடர் தடைபட்டது; இரண்டு முறையும் மீண்டு வந்தது.

இடையில் ‘களிமண் தரை’ பற்றி ஒரு விஷயம். ஐரோப்பாவின் சிவப்புத் தரையில் மேலே இருப்பது உண்மையில் களிமண் கிடையாது, நொறுக்கிய செங்கல் தூள். பந்து விழுந்ததும் அது வேகத்தைக் குறைத்துவிடும். ஒரே அடியில் பாயின்ட்டை முடிப்பது கஷ்டம். பொறுமை உள்ளவருக்கே இந்தத் தரை வசப்படும்.

சிறைக்குப் போய்வந்த சாம்பியன்

பொறுமைக்கு இங்கே ஓர் உதாரணம் உண்டு. கோட்ஃப்ரீட் வான் கிராம், 1932 முதல் 1935 வரை தொடர்ந்து நான்கு முறை இந்தப் பட்டத்தை வென்றவர். பிரெஞ்சு சாம்பியன்ஷிப்பையும் இரண்டு முறை வென்றார். இவரைத் தங்கள் கட்சியின் முகமாகக் காட்ட நாஜிக்களுக்கு ஆசை. அவர் கடைசிவரை கட்சியில் சேரவே இல்லை.

1938-ல் கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. யூத நடிகர் ஒருவருடன் உறவில் இருந்தார் என்று, தன்பாலின உறவைக் குற்றமாக்கிய சட்டத்தின் கீழ் சிறைத் தண்டனை கிடைத்தது. அதன் பிறகு போர். எல்லாம் ஓய்ந்தபின் 1948, 1949-ல் அதே பட்டத்தை மீண்டும் வென்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி!

1993: அதே மைதானத்தில் ஒரு கத்தி

ஹாம்பர்க்கின் ரோதன்பாம் மைதானத்துக்கு ஒரு கறுப்பு நாளும் உண்டு. ஆண்கள் தொடருக்கு முன்பாக அங்கே நடந்த தனிப் பெண்கள் தொடர் அது. ஏப்ரல் 30 அன்று, உலகின் நம்பர் 1 வீராங்கனையான 19 வயது மோனிகா செலஸ், இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெஃபி கிராஃபின் வெறித்தனமான ரசிகர் ஒருவர் பின்னாலிருந்து வந்து அவர் முதுகில் கத்தியால் குத்தினார்.

செலஸ் மறுபடியும் களமிறங்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. குத்தியவருக்கோ சிறை இல்லை. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை மட்டுமே. அதன்பின் செலஸ் ஜெர்மனியில் விளையாடவே இல்லை.

அது என்ன ‘மாஸ்டர்ஸ்’?

ஆண்கள் டென்னிஸில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களுக்கு அடுத்த வரிசையில் இருப்பவை ‘மாஸ்டர்ஸ்’ தொடர்கள். 1990-லிருந்து ஹாம்பர்க் அந்தப் பட்டியலில் இருந்தது. ஃபெடரர் தன் முதல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றதும் இங்கேதான், 2002-ல். மொத்தம் நான்கு முறை இங்கே சாம்பியன்.

அந்த நிலையில்தான் ஆண்கள் டென்னிஸை நிர்வகிக்கும் ஏ.டி.பி., 2009 முதல் காலண்டரை மாற்றி அமைக்க முடிவெடுத்தது. ஆசியாவில் ஒரு பெரிய தொடர் வேண்டும் என்று அக்டோபரில் ஷாங்காய்க்கு மாஸ்டர்ஸ் கொடுத்தார்கள். அதுவரை அக்டோபரில் நடந்த மாட்ரிட், மே மாதத்துக்கும் களிமண்ணுக்கும் மாறியது. அப்போ ஏற்கெனவே மே மாதத்தில் இருந்த ஹாம்பர்க்? ஒரு படி கீழே, ஜூலை மாதத்துக்கு!

ஹாம்பர்க்குக்குப் பலவீனமும் இருந்தது. மே மாதத்தில் அங்கே குளிர், மழை. ஈரத்தில் பந்து கனத்துப்போகும், சரியாக எகிறாது. மடக்கும் கூரை போட்டும் குளிரை என்ன செய்ய முடியும்?

கோர்ட்டிலிருந்து கோர்ட்டுக்கு

ஜெர்மன் டென்னிஸ் சம்மேளனமும், தொடரில் பங்கு வைத்திருந்த கத்தார் டென்னிஸ் சம்மேளனமும் 2007-ல் அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றத்துக்குப் போயின. ‘இது நியாயமான போட்டியைத் தடுக்கும் ஏகபோகம்’ என்பது அவர்கள் வாதம். ‘மற்ற விளையாட்டுகளோடு போட்டிபோட இந்த மாற்றம் அவசியம்’ என்றது ஏ.டி.பி.

2008 ஆகஸ்ட்டில் ஜூரி ஏ.டி.பி. பக்கம் நின்றது. 2010-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். இதேபோல டிமோஷன் பட்டியலில் இருந்த மான்டி கார்லோவும் வழக்குப் போட்டது. ஆனால் சமரசம் பேசி மாஸ்டர்ஸ் அந்தஸ்தைக் காப்பாற்றிக்கொண்டது. பதிலுக்கு, ‘டாப் வீரர்கள் கட்டாயம் ஆட வேண்டும்’ என்ற விதியிலிருந்து அது விடுபட்டது.

ஜூலை என்றால் என்ன பிரச்னை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மாஸ்டர்ஸ் வென்றால் 1000 பாயின்ட். ஹாம்பர்க்கில் இப்போது 500. பாயின்ட்டைவிடப் பெரிய இழப்பு, தேதி. ஜூலை தொடக்கத்தில் விம்பிள்டன், புல்தரை. ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் ஹார்டு கோர்ட். நடுவில் ஒரு வாரத்துக்காகக் களிமண்ணுக்குத் திரும்ப எந்த டாப் வீரர் வருவார்? 2015-ல் நடால் வந்து பட்டம் வென்றது போன்ற தருணங்கள் அபூர்வம்.

உள்ளூர்க்காரர்கள் விட்டுவிடவில்லை. 2023-ல் ஹாம்பர்க்கில் பிறந்த அலெக்ஸாண்டர் ஸ்வெரெவ் கோப்பையை வென்றார். 1993-ல் மிஷேல் ஸ்டிச் வென்ற பிறகு, 30 ஆண்டுகளில் முதல் ஜெர்மன் சாம்பியன்.

இப்போது?

2025-ல் தொடர் மறுபடியும் மே மாதத்துக்கு வந்துவிட்டது. இத்தாலியின் ஃபிளாவியோ கொபோலி சாம்பியன். ஆனால், கிடைத்திருப்பது பிரெஞ்சு ஓப்பனுக்கு முந்தைய வாரம். பாரிஸுக்கு முன் ஓய்வெடுக்க விரும்பும் பெரிய வீரர்கள் ஒதுங்கிவிடும் வாரம் அது.

போர்களைத் தாண்டி வந்த தொடரை ஒரு காலண்டர் மாற்றம் சாய்த்துவிட்டது. நம்ம ஆபீஸிலும் இதைப் பார்த்திருப்போம்: எத்தனை வருஷ சர்வீஸ் என்பதைவிட, எந்த சீட் கொடுக்கிறார்கள் என்பதுதான் பல நேரம் முக்கியமாகிவிடுகிறது. அடுத்த மே மாதம் பிரெஞ்சு ஓப்பனுக்காகக் காத்திருக்கும்போது, முந்தைய வாரம் ஹாம்பர்க்கையும் ஒரு எட்டு பாருங்கள்.