அஞ்சற்பெட்டியும் பூட்டும்: மின்னஞ்சற் சேவையகங்களில் நேரும் ஒரு தடை பற்றிய குறிப்பு

விண்ணப்பம், நியமனம், பரீட்சை முடிவு முதலியன இன்று பெரும்பாலும் மின்னஞ்சல் வழியாகவே மக்களை வந்தடைகின்றன. ஆகவே, “அஞ்சற்பெட்டி பூட்டப்பட்டுள்ளது” எனச் சேவையகம் அறிவிக்கும்போது அதனைச் சிறு இயந்திரக் கோளாறெனத் தள்ளிவிட முடியாது. அவ்வேளைகளிற் பழி பாவனையாளரையே சார்கின்றது. கடவுச்சொல்லை மறந்துவிட்டார் என்பர். புறத்தோற்றத்தையே காரணமாகக் கொள்ளும் விளக்கம் இது. பூட்டின் தோற்றுவாயை அஞ்சல்கள் சேமிக்கப்படும் முறையிலேயே தேடுதல் வேண்டும்.

யுனிக்ஸ் மரபில் வந்த எம்பொக்ஸ் அமைப்பில் ஒருவருக்குரிய கடிதங்கள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. புதிய கடிதம் இறுதியிற் சேர்க்கப்படும். பழையதொன்றை நீக்குவதாயின் கோப்பையே திருத்தி எழுத நேரும். ஒரு நிரல் நீக்கிக்கொண்டிருக்கையில் மற்றொன்று சேர்க்குமாயின் கடிதங்கள் அழியவோ சிதையவோ கூடும். இதனைத் தவிர்க்கவே பூட்டு ஏற்பட்டது. ஒரே வளத்தைப் பல நிரல்கள் ஒருங்கே நாடுவதால் எழும் இப்பிரச்சினையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965 இலேயே ஆராய்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பூட்டு இருவகையாக அமையும். இயக்கமுறைமை பேணும் பூட்டு, அதனை வைத்திருந்த நிரல் முடிவுற்றதும் தானே நீங்கும். கோப்பின் அருகே தனிக்கோப்பொன்றை உருவாக்கி இடும் பூட்டோ, நிரல் இடையில் நின்றுபோனாலும் எஞ்சியிருக்கும். இவை பெரும்பாலும் நிரல்களுக்கிடையிலான உடன்பாடுகளே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு நிரல் ஒருவகையையும் மற்றொன்று வேறுவகையையும் கைக்கொள்ளின் பூட்டு பயனற்றதாகும்.

1996 இல் வெளியான பொப் 3 நெறிமுறையின்படி, பாவனையாளர் உட்புகுந்ததும் பெட்டி அவரது இணைப்புக்கே உரியதாகப் பூட்டப்படும். தொடர்பு இடையில் அறுந்தால் சேவையகம் அதனை உடனே அறிவதில்லை. செயலற்ற இணைப்பைத் துண்டிக்கும் காலவரம்பு இருப்பின், அது 10 நிமிடத்திற்குக் குறைதலாகாது. இதற்கிடையில் மீண்டும் நுழைய முயல்பவர் தமது பெட்டியிலிருந்தே விலக்கப்படுகிறார். பல அஞ்சல் நிரல்கள் இம்மறுப்பைக் கடவுச்சொற் பிழையெனக் கருதின. கடவுச்சொல் சரி, பெட்டியே பாவனையிலுள்ளது என வேறுபடுத்திக் கூறும் குறியீடு 1998 இலேயே வகுக்கப்பட்டது.

எனவே, பூட்டைக் கண்டதும் அழித்தல் தவறு. முதலாவதாக, கைப்பேசி, அலுவலகக் கணினி போன்ற பிறிதொரு கருவி அதே பெட்டியைத் திறந்துள்ளதா என நோக்க வேண்டும். இரண்டாவதாக, பூட்டை இட்ட நிரல் இன்னும் இயங்குகிறதா என அறிதல் வேண்டும். பெட்டி பல கணினிகளுக்குப் பொதுவாயின் அவை அனைத்திலும் தேடுதல் அவசியம். மூன்றாவதாக, வட்டில் இடமின்மையோ அடைவில் எழுதும் உரிமையின்மையோ பூட்டுப்போலத் தோன்றக்கூடும். இவற்றை ஆராய்ந்து, பெட்டியின் பிரதியொன்றை எடுத்துவைத்த பின்னரே, உரிமையாளரற்ற பூட்டை நீக்கலாம். உயிருள்ள பூட்டை நீக்குபவர் பிறருடைய கடிதங்களையே பணயம் வைக்கிறார்.

இலக்கியத்தில் உருவமும் உள்ளடக்கமும் பற்றி நாம் நெடுங்காலம் விவாதித்து வந்துள்ளோம். இங்கும் அஞ்சலின் அளவும் அதனை நாடும் கருவிகளும் பெருக, ஒற்றைக் கோப்பு என்னும் உருவம் தளையாயிற்று. 1990 களில் டானியல் பேர்ண்ஸ்டைன் உருவாக்கிய மெயில்டிர் அமைப்பு, ஒவ்வொரு கடிதத்தையும் தனிக்கோப்பாக்கியது. கடிதம் தற்காலிக அடைவில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே புதியவற்றுக்கான அடைவுக்கு மாற்றப்படும். கடிதத்தைச் சேர்ப்பதற்குப் பூட்டு வேண்டியதில்லை. சுட்டிகளைப் பேணும் சேவையகங்களிற் பூட்டுகள் இன்னும் உள என்பது உண்மையே. ஆயினும், பெட்டி முழுவதையும் ஒருவருக்கே உரியதாக்கும் தேவை பெரிதும் குறைந்தது.

அடிக்கடி பூட்டுண்ணும் பெட்டியொன்றைக் காணும் நிர்வாகி, பாவனையாளரைக் கடிவதை விடுத்துத் தமது சேமிப்பு அமைப்பையே முதலில் மீளாய்வு செய்தல் தகும்.