மீனை ஒதுக்க வேண்டாம், பார்த்து வாங்குங்கள்

கடல் மாசு பற்றிய செய்தி வரும்போதெல்லாம் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: "மீன் சாப்பிடலாமா?" இந்த அச்சத்திற்குக் காரணம் உண்டு. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதியதில் கசிந்த எண்ணெய் சென்னைக் கடற்கரை வரை படர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தது. அத்தகைய நாட்களில் அப்பகுதி மீனைத் தவிர்ப்பதே முறை. ஆனால் எல்லா மீனையும் விலக்கினால், நோயிலிருந்து தேறுவோரும் கருவுற்ற தாய்மாரும் எளிதில் செரிக்கும் நல்ல புரதத்தை இழப்பர்.

உத்திரமேரூர் கடலோர ஊர் அன்று. ஆகவே, கடல்மீன் ஐஸ் இன்றி வழியில் கழிக்கும் நேரமே நாம் பெரிதும் கவனிக்க வேண்டியது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவை வெப்பத்தில் கிடந்தால் நுண்ணுயிரிகள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்கும். குழம்பில் கொதித்தாலும் எண்ணெயில் பொரிந்தாலும் அது அழியாது. மீன் உண்ட சிறிது நேரத்தில் முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, படபடப்பு, வாந்தி தோன்றினால் மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத் திணறினால் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம்.

பாதரசம் மற்றொரு கவலை. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பெரிய மீனின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்புகளைச் சிதைத்தது 1956இல் வெளிப்பட்டது. கருவுற்றோரும் குழந்தைகளும் சுறா, பெரிய வஞ்சிரம் போன்றவற்றைத் தவிர்த்து நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களை உண்பது நலம். விலையும் குறைவு, இதயத்திற்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பும் அவற்றில் உண்டு.

நம் ஏரிகளில் கிடைக்கும் கெண்டை, கட்லா, ரோகு, விரால் ஆகியவை பிடித்த அன்றே அடுப்பேறக்கூடியவை. கழிவுநீர் கலக்காத நீர்நிலையின் மீனாக இருத்தல் வேண்டும். நன்றாக வேகவைக்கவும் வேண்டும்.

வாங்கும்போது கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், அழுத்தினால் சதை மீண்டெழுவதாகவும் உள்ளதா எனப் பாருங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நல்ல அளவு. இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளோர் உப்பு மிகுந்த கருவாட்டைத் தவிர்க்கவும். சிறுநீரக நோயாளர் மீனின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மறக்கலாகாது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடி, வயலூர் அருகே கடலை அடைகிறது. நம் ஊர்க் கால்வாயில் எறியும் நெகிழிப் பையும் அவ்வழியே கடலுக்குச் செல்லும். கடலைக் காக்கும் பொறுப்பு கரையோர மக்களுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.