முறுக்கேறிய வடம்

காஞ்சிபுரத்தில் பட்டு, தறிக்கு ஏறும் முன்பே முறுக்கேறிவிடுகிறது. தனியிழையின் வலிமை சிறிது. இழைகளைச் சேர்த்து முறுக்கிய பின்னரே பாவு நூல் தறியின் இழுவிசையைத் தாங்குகிறது. மலையேறும் ஊர்தியைச் சுமப்பதும் இதே முறுக்குத்தான்.

காஞ்சிக்கு வடமேற்கே உள்ளது சோளிங்கர் பெரிய மலை. யோக நரசிம்மரை வழிபட 1,305 படிகள் ஏற வேண்டும். 2024 முதல் கம்பிவட ஊர்தியும் அங்கே அடியார்களை ஏற்றிச் செல்கிறது. முழங்கால் நோயால் அடிவாரத்திலேயே கைகூப்பித் திரும்பிய முதியோர்க்கு இது பெரும்பேறு. பழனியிலோ 1966 முதலே இழுவை ஊர்தி, மக்கள் வழக்கில் ‘விஞ்ச்’, தண்டவாளத்தில் மலையேறுகிறது. கம்பிவட ஊர்தி 2004-இல் வந்தது.

இவை அனைத்துக்கும் மூலம் ஒரு சுரங்கத் தொல்லை. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் இரும்புச் சங்கிலிகள் அடிக்கடி அறுந்தன. ஒரு வளையம் முறிந்தால் சுமை முழுதும் வீழும். 1834-இல் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் 3.5 மி.மீ. தடிமனுள்ள கம்பிகள் நான்கைப் புரியாக்கி, மூன்று புரிகளை முறுக்கி வடமாக்கினார். அவ்வடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் அண்டைக் கம்பிகள் அதனை நெருக்கிப் பிடிக்கின்றன. உராய்வு சுமையைப் பகிர்கிறது. முறிந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, அறுந்த கம்பியே மீண்டும் தன் பங்கைச் சுமக்கிறது! பொறியியலில் இதனினும் அழகிய ஏற்பாடு அரிது.

கம்பிவடம் செய்து விற்ற ஆண்ட்ரூ ஹாலிடி, 1873-இல் அதனைச் சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருவுக்கடியில் ஓடவிட்டார். வடம் ஓய்வின்றி மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தில் ஓடும். ஊர்தியின் இடுக்கி அதனைப் பற்றினால் பயணம், விட்டுத் தடையை அழுத்தினால் நிறுத்தம். 1947-இல் அவ்வூர்திகளை நீக்க மேயர் முனைந்தபோது, பிரீடல் கிளஸ்மன் என்னும் பெண்மணி மக்களைத் திரட்டிக் காத்தார்.

வடத்தின் ஆயுள் பராமரிப்பில் உள்ளது. பழனியில் ஆண்டுதோறும் ஊர்தியைப் பல நாள் நிறுத்திச் சீர்செய்கின்றனர். காத்திருப்போர் சினம் கொள்ள வேண்டா. வெளிக்கம்பிகளின் முறிவை எண்ணவும், காந்தப் புலத்தால் உள்முறிவை அறியவும் அந்நாட்கள் இன்றியமையாதவை.

சான் பிரான்சிஸ்கோவில் வடம் சுற்றும் பெருஞ்சக்கரங்களை மக்கள் அருங்காட்சியகத்தில் நேரே காண்கின்றனர். பழனியிலும் சோளிங்கரிலும் கழித்த வடத்தின் ஒரு துண்டை, புரிகள் விரிந்து தெரியுமாறு வெட்டி, நிலைய வாயிலில் வைக்கலாகாதா?